ஏழாம் மாதம், நாரி நோ: ஒஸ்தியோவிடம் போகலாமா?

நாவற்பழம் (இழையைத் தொடங்கியவர்) · 6 ஒக்டோபர், இரவு 11.40

எல்லோருக்கும் வணக்கம். இது எனக்கு முதல் பிள்ளை. இப்போது 29-ஆவது வாரம். பாரிஸுக்கு வெளியே, 93 மாவட்டத்தில் இருக்கிறோம்.

மூன்று வாரமாக நாரி உளைவு. உளைவு என்று சொன்னால் குறைத்துச் சொல்வதாகும். கட்டிலில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் திரும்பினால், அடிவயிற்றுக்குக் கீழே நடு எலும்பில் யாரோ கத்தரிக்கோலை விரிப்பதுபோல் இருக்கிறது. மெட்ரோ படி இறங்கும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

வேலையிடத்தில் மூன்று பேர் "ஒஸ்தியோவிடம் போ" என்கிறார்கள், அதாவது மூட்டையும் தசையையும் கையால் அமத்தி வைத்தியம் செய்யும் ஒஸ்தியோபாத்திடம். இந்த நாட்டுக்காரருக்குத் தடிமன், காய்ச்சல் தவிர எல்லாவற்றுக்கும் ஒஸ்தியோதான். மாமியோ, "வயிற்றுப்பிள்ளைக்காரியின் நாரியில் கண்டவனும் கைவைக்கக் கூடாது" என்று ஒரே பிடி. இவர் இரண்டு பக்கமும் தலையாட்டுகிறார். ஒரு தடவைக்கு 65 யூரோவாம், செக்யூ (அரச மருத்துவக் காப்புறுதி) ஒரு சதமும் தராதாம்.

போனவர்கள் சொல்லுங்கள். எலும்பைச் "சடக்" என்று முறிப்பார்களா? பிள்ளைக்கு ஒன்றும் ஆகாதா?

தேங்காய்ப்பூ · 7 ஒக்டோபர்

இரண்டாவது பிள்ளைக்கும் மூன்றாவது பிள்ளைக்கும் போனேன் தங்கச்சி. பெண் ஒருவராகப் பார்த்துத்தான் எடுத்தேன், கேட்டால் தருவார்கள்.

முதல் இருபது நிமிடம் கேள்விதான். இரத்தம் பட்டதா, பிள்ளை துடிக்கிறதா, இரத்த அழுத்தம் எப்படி, முந்திய பிரசவம் எப்படி, என்ன மருந்து. பிறகு பக்கவாட்டில் படுக்கவைத்து, கால்களுக்கு நடுவே தலையணை கொடுத்து, நாரியின் இரு பக்கமும் உள்ளங்கையால் மெதுவாக அமத்தினார். தொடையை மடக்கி, நீட்டி, விலா எலும்பை மூச்சோடு சேர்த்துத் தூக்கிவிட்டார். சடக் சத்தம் ஒன்றுகூட இல்லை. நானே ஏமாந்துபோனேன், காசு கொடுத்து ஒரு சத்தமும் வரவில்லையே என்று.

வெளியே வந்தபோது காற்றில் நடப்பதுபோல் இருந்தது. நாலாம் நாள் பழையபடி. இதையும் சொல்லத்தானே வேண்டும்.

மதராஸ்பிசியோ · 7 ஒக்டோபர்

சென்னையில் பிசியோதெரபிஸ்ட்டாக இருக்கிறேன். முதலில் ஒரு சந்தேகம்: நாரி என்றால் இடுப்பா, கீழ்முதுகா?

தேங்காய்ப்பூ · 7 ஒக்டோபர்

கீழ்முதுகு. உங்கள் ஊரில் நாரி என்றால் பொம்பிளை, எங்களுக்கு முதுகு. இரண்டும் உளையும்.

மதராஸ்பிசியோ · 7 ஒக்டோபர்

சரி, புரிந்தது. நாவற்பழம், நீங்கள் சொல்வது வெறும் முதுகுவலி மாதிரி தெரியவில்லை. திரும்பிப் படுக்கும்போதும் படி இறங்கும்போதும் முன் எலும்பில் வலிப்பது இடுப்பு வளைய வலியின் வழக்கமான அடையாளம். கர்ப்பிணிகளில் ஐந்தில் ஒருவருக்கு வருகிறது என்பார்கள்.

இடுப்பு ஒரு வளையம். பின்னால் இரண்டு மூட்டுகள், முன்னால் ஒன்று. முன்னால் இருப்பது குருத்தெலும்பால் ஒட்டியது. சாதாரணமாக அங்கே 4 அல்லது 5 மில்லிமீட்டர் இடைவெளி, கர்ப்பத்தில் இன்னும் 2, 3 மில்லிமீட்டர் கூடும். ரிலாக்சின் என்ற ஹார்மோன்தான் எல்லாவற்றையும் தளர்த்திவிட்டது என்று எல்லாரும் சொல்வார்கள். ஆனால் அந்த ஹார்மோன் அதிகமுள்ளவருக்குத்தான் வலியும் அதிகம் என்ற கணக்கு சரியாக நிற்கவில்லை. மூன்று மூட்டுகளும் சமமாக அசையாமல், சுற்றியுள்ள தசைகள் இழுத்துப் பிடித்துக்கொண்டு தவிப்பதுதான் பெரும்பாலும் வலியாகிறது. எலும்பு "விலகி" இருக்கிறது, தட்டி உள்ளே தள்ளுகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அப்படி விலகினால் நீங்கள் நடந்து அவரிடம் போயிருக்கவே முடியாது.

இன்று இரவே செய்யக்கூடியது: திரும்பும்போது இரண்டு முழங்காலையும் ஒட்டிவைத்து உடம்பை ஒரே கட்டையாகத் திருப்புங்கள். பாவாடையோ பேண்ட்டோ உட்கார்ந்துதான் போட வேண்டும், ஒற்றைக் காலில் நிற்கக் கூடாது. படியில் ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் சேர்த்து வையுங்கள். கடைப் பையை ஒரே கையில் தொங்கவிடாதீர்கள். சப்பணம் போட்டு உட்காருவது சிலருக்கு வலியைக் கூட்டும், கவனித்துப் பாருங்கள். இடுப்புப் பட்டை சிலருக்கு நன்றாக உதவும். வயிற்றின் மேல் கட்டக் கூடாது, கீழே இடுப்பு எலும்பைச் சுற்றித்தான் கட்ட வேண்டும்.

மல்லாந்து நீண்டநேரம் படுக்கவைத்து வைத்தியம் செய்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். இந்த மாதத்தில் கருப்பையின் பாரம் பெரிய இரத்தக்குழாயை அழுத்தும், தலைசுற்றும்.

கணக்குப்பிள்ளை · 7 ஒக்டோபர்

65 யூரோ விஷயம் என்பதால் மூக்கை நுழைக்கிறேன். என் மனைவிக்காக முன்பு தேடிப் படித்தது.

2015-இல் அமெரிக்காவில் ப்ரமோட் என்றொரு ஆய்வு வெளியானது. கடைசி மூன்று மாதத்தில் இருந்த 400 கர்ப்பிணிகள், மூன்று குழு. ஒரு குழுவுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். இரண்டாவது குழுவுக்கு அதோடு ஒஸ்தியோபதி. மூன்றாவது குழுவுக்கு அல்ட்ராசவுண்ட் கருவியை உடம்பில் தடவினார்கள், ஆனால் அது வைத்தியமாக வேலைசெய்யாத போலி. முடிவு என்ன? வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட ஒஸ்தியோபதிக் குழுவுக்கு நோ குறைவு. போலிக் கருவிக் குழுவுக்கும் ஒஸ்தியோபதிக் குழுவுக்கும் இடையே சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

ஆகவே 65 யூரோ எதற்கு என்று கேட்டால், அரைமணி நேரம் ஒருவர் உங்களைப் படுக்கவைத்து, அக்கறையாகக் கேட்டு, தொட்டுப் பார்ப்பதற்கு. அதை வீட்டில் கணவன் செய்தால் இலவசம்.

தேங்காய்ப்பூ · 7 ஒக்டோபர்

தம்பி, வீட்டில் கணவன் அரைமணி நேரம் அக்கறையாகக் கேட்பாரா? அதற்குத்தான் ஐயா 65 யூரோ.

லிமாத்தங்கரை · 8 ஒக்டோபர்

சுவிஸிலிருந்து. கணக்குப்பிள்ளை சொல்வது சரிதான், ஆனால் அதே ஆய்வை மறுபக்கத்திலிருந்தும் படிக்கலாம். ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிட நோ குறைந்திருக்கிறதே. கர்ப்பிணிக்கு மாத்திரை அதிகம் கொடுக்க முடியாது என்ற நிலையில் அது சிறிய விஷயமா? எனக்கு இரண்டு தடவை போனதில் உட்கார முடிந்தது. போலி அல்ட்ராசவுண்டை யாரும் எனக்கு விற்கவில்லை.

காசு விஷயம்: இங்கே அடிப்படைக் காப்புறுதி ஒஸ்தியோவுக்குத் தராது, மேலதிகக் காப்புறுதி இருந்தால்தான். ஆனால் வைத்தியர் எழுதிக்கொடுத்தால் பிசியோவுக்குத் தரும். கர்ப்பத்தின் 13-ஆம் வாரத்திலிருந்து பிள்ளை பிறந்து 8 வாரம் வரை நம் கைக்காசுப் பங்கும் இல்லை. இது தெரியாமல் முதல் பிள்ளைக்கு நான் சும்மா கட்டியது எவ்வளவோ.

நாவற்பழம் · 8 ஒக்டோபர்

எல்லோருக்கும் நன்றி. திரும்பிப் படுக்கும் விதத்தை மாற்றினேன், நேற்று இரவு ஒரு தடவைதான் அழுதேன். இன்னொரு கேள்வி. பிள்ளை இன்னும் தலைகீழாகத் திரும்பவில்லையாம். வேலையிடத்துப் பெண் ஒருத்தி, ஒஸ்தியோ திருப்பிவிடுவார் என்கிறாள். உண்மையா?

இருமொழி · 8 ஒக்டோபர்

இல்லை. வேண்டாம். இதற்குப் பதில் எழுதத்தான் கணக்கே திறந்தேன்.

பாரிஸ் பகுதியில் மகப்பேற்றுப் பிரிவுகளில் தமிழ்ப் பெண்களுக்கு மொழிபெயர்ப்பவள் நான். வைத்தியர் இல்லை, ஆனால் இந்த அறைகளில் பன்னிரண்டு வருடம் உட்கார்ந்திருக்கிறேன்.

29-ஆம் வாரத்தில் பிள்ளை திரும்பாமல் இருப்பது சாதாரணம், இன்னும் இடமும் காலமும் இருக்கிறது. 36, 37-ஆம் வாரத்திலும் திரும்பாவிட்டால் ஆஸ்பத்திரியில் மகப்பேற்று வைத்தியர் வெளியிலிருந்து கையால் திருப்பிப் பார்ப்பார். ஸ்கேன் பக்கத்தில் இருக்கும், பிள்ளையின் இதயத் துடிப்பைப் பார்த்துக்கொண்டே செய்வார்கள், ஏதாவது ஆனால் அறுவை அறை அடுத்த கதவு. எங்கள் ஊரில் மருத்துவச்சிமார் எண்ணெய் தடவித் திருப்பிய கதை எல்லாருடைய வீட்டிலும் உண்டு. திரும்பாமல் போன கதைகளை யாரும் சொல்வதில்லை.

பிரான்ஸில் ஒஸ்தியோ என்ற பட்டத்தைச் சட்டம் 2002-இல் ஏற்றது. என்ன செய்யலாம், செய்யக் கூடாது என்பது 2007 மார்ச் 25 ஆணையில் இருக்கிறது. வைத்தியரோ மருத்துவமாதோ அல்லாத ஒஸ்தியோ, மகப்பேற்றோடு சம்பந்தப்பட்ட கைவேலை எதுவும் செய்யக் கூடாது. உள்ளே கைவிட்டுப் பார்க்கவும் கூடாது. யாராவது "உள்ளேயிருந்து வால் எலும்பைச் சரிசெய்கிறேன்" என்றால் உடையை எடுத்துக்கொண்டு வெளியேறுங்கள். கழுத்தைத் திருப்பி முறிப்பதற்குக்கூட முதலில் வைத்தியர் சான்றிதழ் வேண்டும்.

நோவுக்காகப் போவதென்றால் போங்கள், நான் தடுக்கவில்லை. அதற்கு முன் உங்கள் சாஜ்ஃபாமிடம் (மருத்துவமாதிடம்) சொல்லுங்கள். நாரி நோ என்று நினைத்து வந்து, பரிசோதித்தால் சிறுநீர்த் தொற்று அல்லது நேரத்துக்கு முந்திய பிரசவ நோவாக இருந்த பெண்களுக்கு நான் மொழிபெயர்த்திருக்கிறேன். நோ விட்டு விட்டு ஒழுங்காக வந்தால், இரத்தமோ தண்ணீரோ போனால், பிள்ளை அசைவு குறைந்தால், காய்ச்சல் அடித்தால், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி நொந்தால், தலையிடியோடு கண் மங்கினால், தொடை நடுவே விறைத்து சிறுநீர் போக முடியாவிட்டால் ஒஸ்தியோவும் வேண்டாம், இந்த இழையும் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி.

ஈஸ்ட்ஹாம்காரி · 9 ஒக்டோபர்

லண்டனில் 1993 சட்டப்படி பதிவேட்டில் பெயர் இல்லாதவர் தன்னை ஒஸ்தியோபாத் என்று சொல்லிக்கொள்ளவே முடியாது. பெயரைத் தேடிப் பார்த்துவிட்டுப் போகலாம். நான் போகவில்லை, என்.எச்.எஸ். பிசியோவே போதுமாக இருந்தது. காத்திருந்த ஐந்து வாரத்தில் பாதி நோ தானே போய்விட்டது என்பது வேறு கதை.

கலிஃபோர்னியாக் கருவேப்பிலை · 9 ஒக்டோபர்

ஒரு குழப்பம். என் பிரசவம் பார்த்த டாக்டரே டி.ஓ. தான், அதாவது ஒஸ்தியோபதிப் பட்டம் பெற்றவர். அறுவை சிகிச்சையே செய்தார். நீங்கள் எல்லாரும் டாக்டர் இல்லாதவர் மாதிரிப் பேசுகிறீர்களே?

மதராஸ்பிசியோ · 9 ஒக்டோபர்

பெயர் ஒன்று, ஆள் வேறு. ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற அமெரிக்க வைத்தியர் 1874-இல் இந்த முறையை அறிவித்து, 1892-இல் மிசூரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில் ஊரில் பள்ளி தொடங்கினார். அமெரிக்காவில் அந்தக் கிளை முழு மருத்துவப் படிப்பாக வளர்ந்தது. அங்கே டி.ஓ. மருந்து எழுதலாம், அறுவை செய்யலாம். ஐரோப்பாவில் அது கையால் செய்யும் வைத்தியமாகவே நின்றது. பிரான்ஸில் ஐந்து வருடம், 4860 மணி நேரப் படிப்பு. அது சின்னப் படிப்பு இல்லை, ஆனாலும் அவர் மருத்துவர் இல்லை. பலகையில் டி.ஓ. என்று போட்டிருப்பதைப் பார்த்து நம்மவர்கள் டாக்டர் என்று நினைத்துவிடுகிறார்கள்.

நாவற்பழம் · 21 ஒக்டோபர்

போனேன். சாஜ்ஃபாமிடம் கேட்டுவிட்டுத்தான் போனேன். அவரே தெரிந்த ஒருவரின் இலக்கம் தந்தார். மாமியும் காவலுக்கு வந்தார், அறைக்குள்ளேயே கதிரை போட்டு உட்கார்ந்தார்.

தேங்காய்ப்பூ அக்கா சொன்னபடியே நடந்தது. நடுவில் மாமிக்குப் பொறுக்கவில்லை, "இன்னும் கொஞ்சம் அமத்தச் சொல்லு பிள்ளை, இவள் என்ன பூனைக்குட்டி தடவுகிறாளா" என்றார். மொழிபெயர்த்தேன். அந்தப் பெண் சிரித்துவிட்டு, அமத்தினால் நல்லது என்று யார் சொன்னது என்று கேட்டார்.

நோ பாதியாகக் குறைந்து, ஐந்து நாள் நன்றாக இருந்தேன். இப்போது அரைவாசி திரும்பிவிட்டது. படிக்கட்டு முறையும் தலையணையும்தான் நின்று உதவுகின்றன. இன்னொரு தடவை போவேன் என்று நினைக்கிறேன், அதற்குமேல் இல்லை. மியூத்துவல் (மேலதிகக் காப்புறுதி) 30 யூரோ திருப்பித் தந்தது.

கணக்குப்பிள்ளை · 21 ஒக்டோபர்

பூனைக்குட்டி வைத்தியம் என்று பெயர் வைத்துவிடலாம். வாழ்த்துகள்.

நாவற்பழம் · 14 ஜனவரி

மகன் பிறந்து நாலு வாரம். திரும்பித்தான் பிறந்தான், ஆறு தையலோடு நானும் பிழைத்தேன். மாமி சரக்குக் கறியும் பத்தியமுமாக வைத்துப் பார்க்கிறார், 31-ஆம் நாளில் துடக்கு கழிக்க நாள் பார்த்தாகிவிட்டது.

இப்போது பிள்ளையின் கேள்வி. தலையை எப்போதும் வலப்பக்கமே வைத்திருக்கிறான், பின்மண்டை ஒரு பக்கம் தட்டையாகிறது. இங்கே பிறந்த பிள்ளை எல்லாவற்றையும் ஒஸ்தியோவிடம் காட்டுகிறார்கள். "பிறக்கும்போது மண்டை எலும்பு நெருக்குப்பட்டிருக்கும், விடுவிக்க வேண்டும்" என்றார்கள். ஒரு இடத்துக்கு அழைத்துக் கேட்டேன் (பழைய ஆள் இல்லை, வேறு இடம்). வைத்தியர் கடிதம் வேண்டுமா என்றால், "தேவையில்லை, அப்படியே கொண்டு வாருங்கள்" என்றார்.

இருமொழி · 14 ஜனவரி

வாழ்த்துகள் அம்மா. அந்த இடத்துக்குப் போகாதீர்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளையின் தலை, முகம், முள்ளந்தண்டில் கைவைக்க வைத்தியர் சான்றிதழ் வேண்டும், அதே 2007 ஆணை. தேவையில்லை என்று சொன்னவருக்கு ஒன்று சட்டம் தெரியாது, அல்லது கவலையில்லை. முதலில் பிள்ளை வைத்தியரிடமோ பி.எம்.ஐ.-யிலோ (அரச தாய் சேய் நிலையம்) காட்டுங்கள், அங்கே காசும் இல்லை.

மதராஸ்பிசியோ · 15 ஜனவரி

கழுத்துத் தசை ஒரு பக்கம் இறுகியிருக்கலாம். மருத்துவர் பார்த்து உறுதிசெய்தால் பிசியோவில் எளிய நீட்டல் பயிற்சிகள் இருக்கின்றன, சீக்கிரம் தொடங்கினால் நல்ல பலன். விழித்திருக்கும்போது பக்கத்தில் இருந்துகொண்டு குப்புறப் போடுங்கள். பால் கொடுக்கும் பக்கத்தையும் தொட்டிலில் தலை இருக்கும் திசையையும் மாற்றுங்கள். தூங்கும்போது மட்டும் எப்போதும் மல்லாந்துதான்.

மண்டை எலும்பை விரலால் "விடுவிப்பது" சதர்லாந்து என்ற ஸ்டில்லின் மாணவர் கிளப்பிய எண்ணம். அதற்கு நல்ல ஆதாரம் இதுவரை எனக்குக் கிடைக்கவில்லை. நம் பாட்டிகளும் குளிப்பாட்டும்போது தலையை உருட்டி, மூக்கைப் பிடித்து நீவிவிடுவார்கள். அதற்கும் ஆதாரம் இல்லை, ஆனால் பாட்டிகள் ரசீது கொடுப்பதில்லை.

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? பிள்ளையைப் பற்றி மட்டும் எழுதியிருக்கிறீர்கள்.

நாவற்பழம் · 15 ஜனவரி

நாரி நோ போய்விட்டது. வேறு ஒன்று இருக்கிறது, எழுதக் கூச்சமாக இருக்கிறது. தும்மினால், பிள்ளையைத் தூக்கினால், கொஞ்சம் நனைந்துவிடுகிறது. மாமி வேட்டித் துணியால் வயிற்றை இறுகக் கட்டிவிடுகிறார், எல்லாம் ஏறிவிடும் என்று. இதற்கு ஒஸ்தியோ?

இருமொழி · 15 ஜனவரி

இதற்குத்தான் நான் இந்த இழையில் காத்திருந்தேன் போலிருக்கிறது.

ஒஸ்தியோ இல்லை. சிறுநீரை அடக்கும் இடுப்புத்தளத் தசையை உள்ளே பரிசோதித்துப் பயிற்சி தர அவருக்கு அனுமதியே இல்லை. உங்களுக்கு ரெயெதுகாசியோன் பெரினெயால் (இடுப்புத்தளத் தசைப் பயிற்சி) என்று ஒன்று எழுதித் தருவார்கள். பிரசவத்துக்குப் பிறகு ஆறு, எட்டு வாரத்தில் நடக்கும் பரிசோதனையில் கேளுங்கள். வழக்கமாக 10 தடவை. சாஜ்ஃபாமோ கினேயோ (இங்கே பிசியோவுக்குப் பெயர்) செய்வார். செக்யூ முழுதாகக் கட்டும்.

65 யூரோ கொடுத்து ஒஸ்தியோவிடம் போகிற நம் பெண்களில் பாதிப் பேர் இந்த இலவச 10 தடவைக்குப் போவதில்லை. என் கண்ணால் பார்க்கிறேன். கடிதத்தை வாங்கி, மடித்து, பிள்ளையின் தடுப்பூசிக் கொப்பிக்குள் வைத்துவிடுவார்கள். என்ன என்று மொழிபெயர்த்தவுடன் முகம் மாறிவிடும். "அங்கேயா? வேண்டாம் அக்கா, தானாகச் சரியாகும் என்று சொல்லுங்கள்." நான் சொல்ல மாட்டேன், மொழிபெயர்ப்பாளர் பொய் சொல்லக் கூடாது.

விரும்பாவிட்டால் உள்ளே தொடாமலும் செய்யலாம், கேட்கலாம். நான் இருந்த ஒரு அறையில் சாஜ்ஃபாம் "கோட்டை வாசல் பாலத்தை மெதுவாகத் தூக்குவதாக நினை" என்றார். யாழ்ப்பாணத்துப் பெண், கோட்டையென்றவுடன் எந்தக் கோட்டை என்று என்னிடம் கேட்டாள். எங்கள் கோட்டைதான் என்றேன். உடனே பிடித்துக்கொண்டாள்.

மதராஸ்பிசியோ · 16 ஜனவரி

துணிக்கட்டைத் தளர்த்துங்கள். மேலே இறுக்கினால் அழுத்தம் கீழேதான் போகும், அங்கேதான் இப்போது பலமில்லை. எழுந்து நடக்கும்போது ஆதரவாக லேசாகக் கட்டிக்கொள்வதில் தப்பில்லை. தும்முவதற்கு முன் அந்தத் தசையை மேலே இழுத்துப் பிடித்துப் பழகுங்கள். ஒஸ்தியோபதி ஆய்வுகளில் கணக்குப்பிள்ளைக்கு எவ்வளவு சந்தேகமோ, சிறுநீர்க் கசிவுக்கு இந்தப் பயிற்சி உதவும் என்பதில் எனக்கு அவ்வளவு உறுதி.

லிமாத்தங்கரை · 16 ஜனவரி

எனக்கும் இருந்தது. இங்கே எழுதாமல் போயிருந்தேன். அவ்வளவுதான்.

ஈஸ்ட்ஹாம்காரி · 16 ஜனவரி

எனக்கும்.

தேங்காய்ப்பூ · 16 ஜனவரி

மூன்று பிள்ளை. சிரிக்கும்போது காலைக் குறுக்கே போட்டுக்கொள்வேன், பதினொரு வருடமாக. இதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்றே இன்றுதான் தெரியும்.

நாவற்பழம் · 27 மார்ச்

மகன் இடப்பக்கமும் பார்க்கிறான், பிள்ளை வைத்தியர் அனுப்பிய கினே நாலு தடவையில் சரிசெய்துவிட்டார். எனக்கு ஆறாவது தடவை முடிந்தது. தும்மல் இப்போது தும்மல் மட்டும்தான்.

ஒன்று சொல்ல வந்தேன். என் பயிற்சியின்போது பிள்ளையைப் பார்த்துக்கொள்ள மாமி ஒவ்வொரு தடவையும் கூட வருவார். நேற்று பஸ்ஸில் திரும்பும்போது, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "இவள் பிள்ளை பெற்றவைக்கு மட்டும்தான் செய்வாளோ? இப்ப பெற்றவைக்கு மட்டுமோ?" கோவில் திருவிழாவுக்கு அவர் ஏன் வருவதில்லை என்று நாங்கள் எல்லோரும் முழங்கால் நோ என்றுதான் நினைத்திருந்தோம். நாலு பிள்ளை, கடைசி 1989-இல்.

இருமொழி · 27 மார்ச்

வயதுக்கு எல்லையில்லை. பிரசவத்துக்குப் பிந்தியது இல்லையென்பதால் கினேயிடம் போக வேண்டும், குடும்ப வைத்தியர் எழுதித் தர வேண்டும். செக்யூ 60 வீதம், மிச்சம் மியூத்துவல். பெண் கினே என்று கேட்டு எடுங்கள். மொழிக்கு ஆள் வேண்டுமானால் தனிமடல் போடுங்கள், வருகிறேன்.

நாவற்பழம் · 28 மார்ச்

திங்கட்கிழமை வைத்தியரிடம் நேரம் எடுத்தாகிவிட்டது. வீட்டு ஆண்களுக்குக் கண் பரிசோதனை என்று சொல்லியிருக்கிறோம்.